கடைமடைக் கடிதத்தின் விலை

(தஞ்சாவூரில் வாசகர்களும் விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை இங்கே வருவதற்கு முன் தபால் ஆபீசுக்குப் போய் இரண்டு கார்டு வாங்கினேன். எனக்கு ஒன்று போதும். ஆனால் ஒரு கார்டின் விலை ஐம்பது காசு. ஐம்பது காசு நாணயம் இன்று யார் கையிலும் இல்லை. அதனால் இரண்டாக வாங்கி ஒரு ரூபாய் கொடுத்தேன். 2000களின் தொடக்கத்தில் வைத்த விலை இன்றும் அப்படியே இருக்கிறது. இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், கவர் ஐந்து ரூபாய். அவையும் ஏறத்தாழ அதே காலத்து விலைகள்தாம். இந்த நாட்டில் கால் நூற்றாண்டாக விலை ஏறாத பொருள் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அதே கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். நிலத் தகராறில் ஒரு மனு. சென்னைக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வந்திருந்தார். ‘பதிவுத் தபால் தனியாக இல்லைங்க ஐயா, ஸ்பீட் போஸ்ட்தான், அதோடு பதிவு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் விரைவுத் தபாலுக்குப் புதிய கட்டணம். இணைப்புக்கு முன்பு இருபது கிராம் கடிதத்தைப் பதிவு செய்து அனுப்ப வரி நீங்கலாக 22 ரூபாய். இன்று ஐம்பது கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், பதிவுக்கு 5 ரூபாய், ஆக 52. இதன் மேல் ஜிஎஸ்டி தனி. பெரியவர் மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து எண்ணினார்.

நான் பேச வந்தது இந்த இரண்டு விலைகளைப் பற்றித்தான். எழுதுவோர் அருகிப்போன கார்டுக்கு ஐம்பது காசு. எழுதாமல் இருக்கவே முடியாத கடிதத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல். முதல் விலையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெரியவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சொல்கிற சட்டமும் நம்மிடம் இல்லை. என் மனக்குறை இதுதான்.

தபால் குறைந்தால் ஒரு தபாலின் செலவு ஏன் ஏறுகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்கால் பார்த்த ஊர் இது. கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த கால்வாய். பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை ஓடுகிறது. அதன் கடைமடையில் பாதி வயல் தரிசாகக் கிடந்தாலும் தூர்வாருவதை மட்டும் பாதித் தூரத்தோடு நிறுத்த முடியுமா? முழு நீளத்துக்கும் வார வேண்டும், கரையைக் கட்ட வேண்டும், மதகைப் பார்க்க வேண்டும். பாய்கிற வயல் குறையக் குறைய, ஒரு மா நிலத்துக்கு விழும் செலவு கூடிக்கொண்டே போகும். தபால்காரரின் சைக்கிளும் அப்படித்தான். பையில் நூறு கடிதம் இருந்தாலும் பத்து இருந்தாலும் அவர் மிதிக்கிற தூரம் ஒன்றே.

இதைத் தபால் துறையே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. 2016-17ஆம் ஆண்டில் ஒரு கார்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துறைக்கு ஆன சராசரிச் செலவு 12 ரூபாய் 15 காசு. வருமானம் ஐம்பது காசு. அதற்கு முந்தைய ஆண்டு செலவு 10 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரே ஆண்டில் இரண்டு ரூபாய்க்கு மேல் ஏற்றம். பதிவுத் தபாலும் குறைந்துகொண்டுதான் வந்தது. 2011-12இல் நாடு முழுவதும் 24 கோடியே 44 லட்சம், 2019-20இல் 18 கோடியே 46 லட்சம். எட்டு ஆண்டில் கால்வாசி போய்விட்டது.

சரி, செலவு ஏறுகிறது, விலையை ஏற்றிவிடலாமே என்றால், விலை ஏறினால் எழுதுகிறவர்கள் இன்னும் குறைவார்கள். குறைந்தால் செலவு மறுபடி ஏறும். அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை டென்மார்க் காட்டிவிட்டது. 1624இல் தொடங்கிய அரசுத் தபால் அங்கே 2025 டிசம்பர் 30ஆம் தேதி கடிதம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. 2000இல் ஆண்டுக்கு 140 கோடி கடிதம் போன நாடு. 2024இல் 11 கோடி. சலுகைகளையெல்லாம் எடுத்த பிறகு ஒரு கடிதத்துக்குத் தபால்தலை 29 குரோனருக்குப் போனது, நம் பணத்தில் முன்னூறு ரூபாய்க்கு மேல். சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். அரசு அனுப்பும் கடிதத்தைக்கூட மின்வழியில் பெறப் பழகிய மக்கள் அவர்கள். அங்கேயும் முதியவர்கள் இதை எதிர்த்தார்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போகிறது. அங்கே தபாலுக்கென்று தனி ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. 2006இல் வந்த சட்டப்படி, கடித விலை விலைவாசிக் குறியீட்டைத் தாண்டி ஏறக்கூடாது. கடிதங்கள் குறைந்துகொண்டே போனதால் அந்த வரம்புக்குள் துறை தத்தளித்தது. 2020 நவம்பரில் ஆணையம் வரம்பைத் தளர்த்தியது. ஒவ்வொரு முகவரிக்கும் போகிற கடிதங்கள் எந்த அளவுக்குக் குறைகின்றனவோ, அதைக் கணக்கிட்டு அந்த அளவுக்குக் கூடுதலாக விலை ஏற்றிக்கொள்ளலாம் என்றது. வாய்க்கால் கணக்கேதான். அதன் பிறகு 55 சென்ட் தபால்தலை 2025 ஜூலையில் 78 சென்ட் ஆனது. அந்த முடிவு சரியா என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடக்கிறது. நடக்கட்டும். வாக்குவாதம் செய்ய ஓர் இடமும், ஏட்டில் பதிந்த ஒரு கணக்கும் அவர்களுக்கு இருக்கின்றன.

பிரிட்டனில் இரண்டு வகைக் கடிதம் உண்டு. இரண்டாம் வகுப்புக் கடிதத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதல் வகுப்புக்கு வரம்பில்லை. 2012இல் முதல் வகுப்பு 60 பென்ஸ், இரண்டாம் வகுப்பு 50. 2025இல் முதலாவது 170, இரண்டாவது 87. வரம்பு யாரைக் காத்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் 2025 ஜூலையிலிருந்து இரண்டாம் வகுப்புக் கடிதம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. விலையை மட்டும் கட்டி வைத்தால் தரம் கைநழுவிப் போகும். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் கதைக்கு வருவோம். 1854இல் டல்ஹவுசி காலத்தில் வந்த தபால் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. அதற்கு முன்பு தூரத்தைப் பார்த்துக் கூலி. அதன் பிறகு அரை அணா தலை ஒட்டினால் நாகப்பட்டினத்திலிருந்து பம்பாய்க்கும் போகும், பக்கத்து ஊருக்கும் போகும். 1879இல் கால் அணாவுக்குக் கார்டு வந்தது. வெள்ளைக்காரன் இதைத் தன் ஆட்சி வசதிக்காகச் செய்தான் என்பது உண்மைதான். அந்த அரை அணாவை நாம் எதற்குப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதுதான் எனக்கு முக்கியம். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் இருந்தபடி உ.வே.சாமிநாதையர் எத்தனை ஊர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார்! சுவடி இருக்கிறதா, பாடபேதம் என்ன, இந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று கேட்டு எழுதினார். பதில்கள் வந்தன. வந்தவற்றைப் பத்திரப்படுத்தியும் வைத்தார். தூரத்துக்குத் தகுந்த கூலி என்று இருந்திருந்தால் ஒரு கல்லூரித் தமிழாசிரியரின் சம்பளம் அதைத் தாங்கியிருக்குமா?

   

இன்று விரைவுத் தபாலில் ஐம்பது கிராமுக்கு மேல் போனால் மறுபடி தூரக் கணக்கு வந்துவிட்டது. 51 முதல் 250 கிராம் வரை உள்ளூருக்கு 24 ரூபாய், இருநூறு கிலோமீட்டருக்குள் 59, ஐந்நூறுக்குள் 63, இரண்டாயிரத்தைத் தாண்டினால் 77. உள்ளூர் என்றால் ஒரே நகர எல்லைக்குள். தஞ்சாவூர் நகரத்துக்குள் இருக்கிறவர் கலெக்டர் அலுவலகத்துக்குக் கனமான ஒரு மனுவை 24 ரூபாய்க்கு அனுப்புவார். பேராவூரணிக்கு அப்பால் இருக்கிறவர் அதே மனுவுக்கு 59 கொடுக்க வேண்டும். கடைமடைக்காரன் தண்ணீர் கடைசியாக வருகிறது என்பதற்காகக் கூடுதல் தீர்வை கட்டுவதில்லை. கடிதத்துக்கு மட்டும் ஏன் கட்ட வேண்டும்?

பதிவுத் தபால் நம் ஊரில் என்ன வேலை செய்தது என்று சொல்கிறேன். என் தகப்பனார் குத்தகைச் சாகுபடி செய்தவர். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று வந்த பிறகும், குத்தகைக்காரனை வெளியேற்ற ஒரு வழி இருந்தது. நெல் அளக்கக் கூப்பிட்டால் நிலக்காரர் வராமல் இருந்துவிட்டு, பிறகு குத்தகை பாக்கி என்று வழக்குப் போடுவது. அதற்கு மாற்றாக எங்கள் ஆட்களுக்கு விவசாயச் சங்கத்தார் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். ‘களம் தயார், வந்து அளந்துகொள்ளுங்கள்’ என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. அப்பா அனுப்பினார். நிலக்காரர் வாங்க மறுத்தார். கடிதம் திரும்பி வந்தது.

அந்த உறை என்னிடம் இருக்கிறது. பழுப்பேறி ஓரம் பொடிந்துவிட்டது. முகவரியின் குறுக்கே ஒரு கோடு. அதற்கு மேல் தபால்காரர் காப்பிங் பென்சிலால் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். பின்பக்கம் மூன்று வட்ட முத்திரைகள். ஒன்று எங்கள் ஊர், ஒன்று நிலக்காரர் ஊர், ஒன்று திரும்பி வந்த நாள். உறை இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. பிரித்தால் சாட்சி கெட்டுவிடும் என்று அப்பா பிரிக்கவே இல்லை. வருவாய் நீதிமன்றத்தில் அதைக் காட்டினார். சரியான முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு மனிதருக்கு வக்கீல் கட்டணத்தில் ஒரு துளிதான் செலவு. அதற்குள் அரசாங்கமே அவர் பக்கம் சாட்சி சொன்னது.

கடிதம் என்றால் நலம் விசாரிப்பது, வாட்ஸ்அப் வந்த பிறகு அது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நலம் விசாரிப்பு போய்விட்டது, உண்மைதான். கருமாதிப் பத்திரிகையைக் கார்டில் அச்சடித்து அனுப்புவதும், படித்தவுடன் கிழித்துப் போடுவதும்கூட அருகிவிட்டன. போகாமல் நிற்பவை நோட்டீசு, மனு, மேல்முறையீடு, பயிர்க் காப்பீட்டுக்கான புகார், வங்கிக்கு எழுதும் ஆட்சேபணை ஆகியவை. இவையெல்லாம் வலியவனிடம் எளியவன் ‘நான் சொன்னேன்’ என்று நிரூபிக்க வேண்டிய கடிதங்கள். மூன்று ரூபாய்க்குக் கிடைத்த ‘அஞ்சலில் இட்ட சான்று’ முறையை 2011லேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த படியில் நின்ற பதிவுத் தபாலின் விலையும் இப்போது ஏறிவிட்டது. விரைவுத் தபால் சீக்கிரம் போகிறது, எங்கே இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்கிறது துறை. அது நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் வேகத்தைக் கேட்டு வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

புத்தகத்துக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2024 டிசம்பர் 18இல் பதிவு நூல் அஞ்சல் நின்றுபோனது. சிறு பதிப்பகங்களும் சிற்றிதழ்க்காரர்களும் திகைத்தார்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அதில் பாதித் தபால் செலவு என்றால் யார் வாங்குவார்கள்? பலர் முறையிட்டார்கள். 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் நடுவில் நான்கரை மாதம் ஆயிற்று. நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நான்கரை மாதம் வந்திருக்காது.

முன்பெல்லாம் பட்ஜெட் நாளில் வானொலியைச் சுற்றி நின்று கேட்பார்கள், ‘கார்டு கவர் விலை ஏறிச்சா?’ என்று. அதற்குக் காரணம் உண்டு. 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே கார்டு, கடித விலைகள் இருந்தன. அவற்றை மாற்ற நிதி மசோதாவோடு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். ஐந்து காசு ஏற்ற நிதி அமைச்சர் நாட்டுக்கு முன் நின்று பதில் சொன்னார். கார்டு விலை இவ்வளவு காலம் ஏறாததற்கும் அந்தக் கூச்சமே காரணம் என்று நான் நினைக்கிறேன். 2023இல் நிறைவேறிய புதிய தபால் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கட்டணம் வைக்கும் அதிகாரம் தபால் துறைத் தலைமை இயக்குநரிடம் போய்விட்டது. கடிதம் கொண்டுசெல்ல அரசுக்கு மட்டுமே உரிமை என்ற பழைய தனியுரிமையும் போயிற்று. கூரியர்க்காரர்களோடு போட்டி போட வேண்டிய துறைக்குக் கைகால் அசைக்க இடம் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. பார்சலுக்கு அது பொருந்தும். கூரியர் போகாத ஊருக்குப் பொருந்தாது. அங்கே போட்டியே இல்லையே.

தொலைபேசிக்கு 1997லிருந்து ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. மின்சாரத்துக்கும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் ஏற்றுவதற்கு முன் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஏற்றத்தை அது தடுக்கவில்லை. இருந்தும் கணக்கு வெளியே வந்தது, எதிர்ப்பு ஏட்டில் ஏறியது. நம் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அந்த மின்சாரத்துக்கும் ஆணையம் ஒரு விலை வைக்கிறது, அதை மாநில அரசு மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. சலுகை எவ்வளவு, யார் தருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தபாலில் இந்தத் தெளிவு இல்லை. கார்டில் விழும் பள்ளம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே நட்டக் கணக்கில் கலந்து கிடக்கின்றன. ‘தபால் துறை நட்டம்’ என்று செய்தி வரும்போது, நாட்டின் 1,64,000க்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமத்தில் இருப்பதால் வருகிற செலவு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. கார்டு, கவர், ஒப்புகையோடு பதிவு செய்த கடிதம், புத்தகம் ஆகிய நான்கையும் அடிப்படைத் தபால் என்று சட்டத்தில் எழுதுங்கள். இவற்றின் விலைக்கு மட்டும் வரம்பு வையுங்கள், நாடு முழுவதும் ஒரே விலையாக. எத்தனை நாளில் சேர வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பிரிட்டன் கதைதான். வங்கி அனுப்பும் அட்டை, கம்பெனி விளம்பரம், பார்சல் இவற்றுக்கெல்லாம் துறை சந்தை விலை வைத்துக்கொள்ளட்டும். இப்போதும் கையால் எழுதிய கார்டு ஐம்பது காசு, அச்சடித்த கார்டு ஆறு ரூபாய், போட்டிக்கு அனுப்பும் கார்டு பத்து ரூபாய் என்று பயனைப் பார்த்து விலை வைத்துத்தான் இருக்கிறார்கள். பார்வையற்றோருக்கான நூல்களுக்குக் கட்டணமே இல்லை. ஆகவே இது புதிய கொள்கையும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. கார்டு விலையை இரண்டு ரூபாய் ஆக்குங்கள். ஐம்பது காசுக் கார்டு ஏழைக்குச் செய்யும் உதவி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஏழை இன்று கார்டு எழுதுவதில்லை, மனு எழுதுகிறார். கார்டில் ஏற்றுவதால் பெரிய பணம் வந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேவை இல்லாத இடத்தில் சலுகையை வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் எடுத்துவிட்டதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவுக் கடிதம், வேகம் வேண்டாதவர்களுக்கு, வரி உட்பட முப்பது ரூபாய்க்குள் இருக்கட்டும். மீதிச் செலவை மத்திய பட்ஜெட்டில் தனித் தலைப்பில் வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள். 1876இலிருந்து உலக அஞ்சல் ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருக்கிறோம். நாட்டின் எல்லா இடத்துக்கும், மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில், நிலையான அடிப்படைத் தபால் சேவை என்பது அங்கே நாம் ஒப்புக்கொண்ட கடமைதான்.

விலை வைக்கும் பொறுப்பு ஒரு தனி ஆணையத்திடம் இருக்க வேண்டும், அது மக்களிடம் நேரில் வந்து கேட்க வேண்டும். கூட்டத்தைச் சென்னையில் மட்டும் வைத்தால் வக்கீல்களும் கம்பெனிக்காரர்களும்தான் வருவார்கள். ஒன்றையாவது வேதாரண்யத்திலோ பேராவூரணியிலோ வையுங்கள். குறுவை நடவு நேரத்தில் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையிலும் வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போன பிறகு, மாசியில் ஒரு நாள், காலைப் பஸ் வந்து சேர்ந்ததும் தொடங்கினால் ஆட்கள் வருவார்கள். கிளை அஞ்சலகத்தில் சில மணி நேரச் சம்பளத்துக்கு உட்கார்ந்து, சேமிப்புக் கணக்கும் பார்த்து, தபாலும் கொடுத்துவரும் கிராம அஞ்சல் ஊழியர்களையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டுக்கு என்ன கடிதம் வருகிறது, எந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நானும் வருவேன். அப்பாவின் உறையைக் கொண்டுவருவேன்.